மழை நாளில் ஆகாய கங்கை: முழங்கால் வலி உள்ள அம்மா, 2 பிள்ளைகளோடு இறங்கலாமா?

கரூர்வாசி:
ஐப்பசி கடைசியில் ஒரு சனிக்கிழமை கொல்லிமலை போவதாக இருக்கிறோம். அங்குள்ள ஆகாய கங்கை அருவியில் தண்ணீர் நிறைய விழும்போது பார்க்க வேண்டும் என்பதால், மழை இருக்கும் என்று தெரிந்தேதான் அந்த நாளை எடுத்திருக்கிறோம். நான், மனைவி, 9 வயதுப் பையன், 5 வயதுப் பெண், 64 வயது அம்மா. அம்மாவுக்கு வலது முழங்காலில் தேய்மானம். சமதரையில் நன்றாக நடப்பார், மாடிப்படி என்றால் கம்பியைப் பிடிக்க வேண்டும்.

கேட்க வேண்டியவை: ஈரத்தில் அருவிக்குப் போகும் படிகளில் இறங்கி ஏற முடியுமா? குடையா, ரெயின்கோட்டா? செருப்பா, ஷூவா? தண்ணீர் திடீரென ஏறினால் முன்கூட்டியே எப்படித் தெரியும்? வண்டி சின்ன கார், கியர் வண்டிதான். மலையில் ஓட்டிப் பழக்கமில்லை.

சேந்தமங்கலத்துக்காரன்:
முதலில் படிகளைப் பற்றி. அறப்பளீசுவரர் கோயில் பக்கத்திலிருந்து இறங்கும் பாதையில் ஆயிரத்துக்கும் மேல் படிகள். நிறைய இடங்களில் செங்குத்து, உயரமும் ஒரே அளவாக இருக்காது. மற்ற மலைகளில் ஏறும்போது திணறி, திரும்பும்போது சுகமாக வருவோம். இங்கே தலைகீழ். தெம்பாக இருக்கும்போது இறங்கிவிடுகிறோம், நனைந்து பசித்துக் களைத்தபின் ஏற வேண்டியிருக்கிறது. பாதி வழியில் உட்கார்ந்துவிடுபவர்களில் பெரும்பாலானோர் இந்தக் கணக்கைப் போடாதவர்கள்.

சின்னப் பிள்ளைகளோடு இறங்க முக்கால் மணி, ஏற ஒன்றரை மணி, கீழே அரை மணி. மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசியில் காலை தெளிவாக இருந்து, மதியத்துக்கு மேல் இடி மின்னலோடு கொட்டுவதுதான் வழக்கம். எட்டரை, ஒன்பதுக்குள் முதல் படியில் கால் வைத்தால் மதியம் சாப்பாட்டுக்கு மேலே வந்துவிடலாம்.

பாசி படியின் இரண்டு ஓரங்களிலும் இருக்கும். நடுவில் ஆள் நடமாட்டத்தில் தேய்ந்து போயிருக்கும். கம்பியைப் பிடிக்கிற ஆசையில் ஓரத்திலேயே நடந்தால் அங்கேதான் வழுக்கும். கை கம்பியில், கால் முடிந்தவரை படியின் நடுப்பக்கம். பாதத்தை முழுவதும் வைத்து அழுத்துங்கள், குதிகாலை முதலில் ஊன்றாதீர்கள்.

பிள்ளைகளைப் பொறுத்தவரை ஒரே விதி: இறங்கினாலும் ஏறினாலும் பெரியவர் எப்போதும் ஒரு படி கீழே இருக்க வேண்டும். இறங்கும்போது குழந்தைக்கு முன்னால், ஏறும்போது பின்னால். 5 வயதுப் பெண்ணைத் தோளில் உட்கார வைத்து இறங்காதீர்கள். எடை மேலே போனால் ஒரு சின்ன வழுக்கலைக்கூட நிதானிக்க முடியாது. தூக்கித்தான் ஆக வேண்டும் என்றால் முதுகில், துப்பட்டாவால் கட்டி, இரண்டு கையும் காலியாக.

அம்மாவை இறக்க வேண்டாம் என்பது என் கருத்து. தேய்மானம் உள்ள முழங்காலுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் வேதனை. கீழே போனபின் முடியவில்லை என்றால் ஜீப் வர வழியில்லை.

அருவிச்சத்தம்:
தண்ணீர் ஏறுவது பற்றி நான் சொல்கிறேன், இதுதான் முக்கியம்.

கோயிலை ஒட்டி ஓடுகிற அய்யாறுதான் கொஞ்ச தூரம் போய் ஆகாய கங்கையாக 300 அடி விழுகிறது, பிறகு புளியஞ்சோலைப் பக்கம் இறங்குகிறது. ஆகவே படி இறங்குவதற்கு முன் ஆற்றோரம் ஐந்து நிமிடம் நில்லுங்கள். தண்ணீர் தெளிவாக, கல் தெரிகிற மாதிரி ஓடினால் சரி. டீ நிறத்தில் இருந்தாலோ, இலை, சுள்ளி, நுரை அடித்து வந்தாலோ மேலே எங்கோ மழை கொட்டியிருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்குக் கீழே போகாதீர்கள். தண்ணீர் விளிம்பில் உள்ள ஒரு கல்லைக் குறித்து வைத்து, ஐந்து நிமிடத்தில் அது மூழ்குகிறதா என்று பாருங்கள்.

நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கலாம். அதனால் ஒன்றும் நிச்சயமில்லை. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தது நினைவிருக்கும். மலைக்கு மேல் பெய்த மழை நிமிடக் கணக்கில் கீழே வந்துவிடும்.

கீழே இருக்கும்போது கவனிக்க வேண்டியது: அருவிச் சத்தம் கனமாக மாறுவது, நிறம் மங்குவது, சின்னக் கற்கள் உருண்டு வரும் ஓசை. இதில் ஒன்று தெரிந்தாலும் பை, செருப்பு எதையும் தேடாமல் படிக்கு ஏறிவிடுங்கள். தண்ணீர் நிறைய விழும் நாளில் நேர்க்கீழே போய்த் தலையைக் காட்டுவதெல்லாம் வேண்டாம், தண்ணீரோடு கல்லும் வரும். போதாததற்குக் காற்றும் சாரலும் சேர்ந்து முகத்தில் அறையும், பக்கத்தில் போனால் கண்ணைத் திறக்கவே விடாது. குளிக்க முடியாவிட்டாலும் நனைவது உறுதி.

மின்னலுக்கும் மரத்தடிக்கும் ஆகாது. மின்னல் வெட்டியதிலிருந்து இடி கேட்கும்வரை நொடிகளை எண்ணுங்கள். 30 நொடிக்குள் கேட்டுவிட்டால் கிளம்ப வேண்டாம், கடைசி இடிக்குப் பின் அரை மணி விட்டுத்தான் கிளம்ப வேண்டும். இரும்புக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்குகிற பாதை என்பதையும் மறக்காதீர்கள்.

முந்தைய நாள் மாலை நாமக்கல் மாவட்டத்துக்கு வானிலை எச்சரிக்கை என்ன நிறம் என்று பாருங்கள். கனமழை என்று வானிலைத் துறை சொன்னால் ஒரு நாளில் 64.5 மி.மீ. முதல் 115.5 மி.மீ. வரை என்று பொருள். ஆரஞ்சு என்றாலே தேதியை மாற்றுங்கள். வனத்துறை பாதையை மூடியிருந்தால் வாதாடிப் பிரயோஜனமில்லை.

மலைப்பாதை:
காருக்கு வருகிறேன். காரவள்ளி வழியில் 70 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை உண்டு. பழக்கமில்லாதவர் ஈரத்தில் முதல் முறை ஓட்ட அது நல்ல பள்ளிக்கூடம் இல்லை. முள்ளுக்குறிச்சி வழியில் வளைவுகள் குறைவு. கரூரிலிருந்து சுற்றுதான், பரவாயில்லை.

காரவள்ளி வழிதான் என்று பிடிவாதமானால்: வளைவுக்குள் நுழைவதற்கு முன்பே இரண்டாவது கியருக்கு வந்துவிடுங்கள், செங்குத்தான உள்வளைவில் முதல் கியர். பாதி வளைவில் கியர் மாற்றினால் வண்டி உயிரை விடும், பின்னால் உருளும். நின்றுவிட்டால் கிளட்சைப் பாதி மிதித்தபடி தாங்கி நிற்காதீர்கள். ஹேண்ட்பிரேக் போட்டு, ஆக்சிலேட்டர் கொடுத்து, வண்டி இழுக்கத் தொடங்கியதும் விடுங்கள். தீய்ந்த வாடை வந்தால் அது கிளட்ச் தட்டு. ஓரம் கட்டி 20 நிமிடம் ஆறவிடவும்.

இறங்கும்போது எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியர். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிப்பு போய்விடும். ஏறி வரும் வண்டிக்குத்தான் முதல் உரிமை, இறங்குபவர் ஒதுங்க வேண்டும். ஒவ்வொரு வளைவிலும் ஹாரன். மூடுபனியில் ஹைபீம் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும், லோ பீம் போதும். சாயங்காலம் ஐந்துக்குள் அடிவாரம் வந்துவிடப் பாருங்கள். மழைக்குப் பிறகு மரமோ மண்ணோ ரோட்டில் விழுந்து கிடக்கலாம், அது இருட்டில் தெரியாது.

பெட்ரோலைச் சேந்தமங்கலத்திலேயே நிரப்பிவிடுங்கள். பிள்ளைகளுக்கு வெறும் வயிறும் ஆகாது, வயிறு முட்டவும் ஆகாது. இரண்டு இட்லி, தொட்டுக்கொள்ளச் சர்க்கரை. வாந்தி மாத்திரை என்றால் எடைக்கேற்ற அளவை டாக்டரிடம் கேட்டு, ஏறுவதற்கு அரை மணிக்கு முன் கொடுங்கள்.

ஈரக்கால்:
உடுப்பு, செருப்பு. ஜீன்ஸ் போடவே கூடாது. நனைந்தால் கனத்துப்போய் முழங்காலை மடக்க விடாது, சாயங்காலம்வரை காயாது. நைலான் டிராக் பேன்ட் நல்லது. ஹவாய்ச் செருப்பு ஈரத்தில் காலிலிருந்து கழன்று ஓடும். பின்பட்டி உள்ள சாண்டல் எடுங்கள். அடிப்பாகத்தை நகத்தால் அழுத்திப் பாருங்கள்: கொஞ்சம் குழிந்தால் ரப்பர் மென்மையாக இருக்கிறது, பிடிக்கும். கல் மாதிரி இருந்தால், எவ்வளவு விலை கொடுத்த ஷூவானாலும் பழசாகி இறுகிவிட்டது, பாசியில் சறுக்கும்.

குடை வேண்டாம். ஒரு கை போய்விடுகிறது, பள்ளத்தில் காற்று குடையைத் திருப்பிவிடும். பிள்ளைகளுக்கு முட்டிவரை வரும் ரெயின்கோட் மட்டும். கணுக்கால்வரை தொங்கினால் படியில் மிதித்து விழுவார்கள்.

மழையில் தாகம் தெரியாது, ஆனால் ஏறும்போது வியர்க்கும். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், இரண்டு பாக்கெட் ஓ.ஆர்.எஸ்., கடலை மிட்டாய் ஒரு பொட்டலம். குரங்கு உண்டு, தின்பண்டம் கையில் தெரியக்கூடாது. பிள்ளைகளுக்கு ஆளுக்கு இரண்டு செட் மாற்றுத்துணி: ஒன்று பையில், கெட்டி பாலிதீன் கவரில் சுற்றி, இன்னொன்று காரில். சின்னவள் நடுங்க ஆரம்பித்தாலோ உதடு நீலம் பாய்ந்தாலோ அங்கேயே ஈரத்தைக் கழற்றி, துடைத்து, காய்ந்ததைப் போட்டுவிட்டுத்தான் அடுத்த படி. மேலே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் ஒன்றரை மணி நேரம் காற்றில் விறைத்துக்கொண்டே வருவாள்.

கரூர்வாசி:
மிக்க நன்றி. அம்மாவைக் கோயிலில் விட்டுவிட்டு நாங்கள் நால்வரும் இறங்கலாமா? மூன்று மணி நேரம் தனியாக உட்கார வைப்பது மனசுக்கு ஒப்பவில்லை. அவருக்கும் அருவி பார்க்க ஆசைதான்.

சேந்தமங்கலத்துக்காரன்:
அம்மாவுக்கு மாசிலா அருவியும் நம்ம அருவியும் இருக்கின்றன. இரண்டும் சின்னவை, நடை குறைவு, ஆகாய கங்கை மாதிரி பள்ளத்தில் இறங்க வேண்டியதில்லை. அங்கேயும் சில படிகள் உண்டு. இறங்கும்போது வலிக்கிற வலது கால் முதலில், ஏறும்போது நல்ல கால் முதலில். ஒரு கை கம்பியில், மறு கை உங்கள் தோளில்.

ஆகாய கங்கைக்கு நீங்களும் பையனும் மட்டும் போங்கள். மனைவியும் சின்னவளும் அம்மாவோடு கோயிலில் இருக்கட்டும். ஆற்றில் மீனுக்குப் பொரி போட்டாலே அந்தப் பிள்ளைக்கு ஒரு மணி நேரம் போய்விடும். இருவர் என்றால் இரண்டேகால் மணியில் திரும்பிவிடலாம். பள்ளத்துக்குள் சிக்னலை நம்ப வேண்டாம். இத்தனை மணிக்குள் மேலே வரவில்லை என்றால் வனத்துறைக் கவுன்டரில் சொல்லவும் என்று மனைவியிடம் நேரத்தைக் குறித்துக் கொடுத்துவிட்டு இறங்குங்கள்.

மலைப்பாதை:
சில்லறையாகக் காசு எடுத்துக்கொள்ளுங்கள். மழையில் சிக்னல் போனால் போனில் பணம் அனுப்ப முடியாது, டிக்கெட்டுக்கும் டீக்கும் கையில் இருக்க வேண்டும்.

ஈரக்கால்:
குடை பற்றிச் சொன்னது படிக்கு மட்டும். கோயிலில் காத்திருப்பவர்களுக்குப் பெரிய குடை ஒன்றும், உட்கார ஒரு பிளாஸ்டிக் பாயும் காரில் போட்டுக்கொள்ளுங்கள்.