பையனுக்கு சைக்கோசிஸ், ஆனா ட்ரீட்மென்ட் வேணாங்கிறான். இதைத் தாண்டி வந்தவங்க சொல்லுங்க

என் பையனுக்கு 24 வயசு. சைக்கோசிஸ்னா எது நிஜம், எது பிரமைன்னு பிரிச்சுப் பாக்க முடியாமப் போற நிலை. படிப்பு முடிச்சு வேலைக்குப் போய்ட்டு நல்லா இருந்தவன், கொஞ்சம் கொஞ்சமா ரூமை விட்டு வெளிய வர்றதையே நிறுத்திட்டான். ராத்திரி பூரா முழிச்சிருப்பான். போன் கேமரா மேல டேப், சுவிட்ச் போர்டுல இருக்கற ஓட்டை ஒண்ணு விடாம டேப். தண்ணி கூட சீல் உடைக்காத பாட்டிலா இருக்கணும், அதை அவனே திருகித் திறக்கணும், அப்பதான் குடிப்பான். டாக்டர்னு வாயெடுத்தாலே "எனக்கு ஒண்ணுமில்ல, உன்னை யாரோ ஏவி விட்டிருக்காங்க"ம்பான்.

இதே நிலைமைல இருக்கற அப்பா அம்மாக்களுக்கு ஒண்ணு சொல்லிடறேன், அவங்க வீம்புக்கு மறுக்கல. அனோசோக்னோசியான்னு ஒண்ணு இருக்கு. பக்கவாதம் வந்து கை விளங்காதவங்க சிலபேர் என் கை நல்லாத்தான இருக்குன்னு சத்தியம் பண்ணுவாங்களாம், அதைப் பாத்து பாபின்ஸ்கிங்கற நரம்பு டாக்டர் 1914ல வச்ச பேர் அது. சைக்கோசிஸ் வர்ற மனநோய்கள்ல ஒண்ணான ஸ்கிசோஃப்ரீனியாலயும் நிறைய பேருக்கு இப்படித்தான், நமக்கு நோய் வந்திருக்குன்னு உணர்ற திறனையே நோய் பாதிச்சிடுது. அப்புறம் நாம எத்தனை ஆதாரம் காட்டி வாதாடினாலும் எங்க ஏறும், நாமளும் எதிரி கூட்டத்துல ஒரு ஆளாத்தான் அவனுக்குத் தெரிவோம்.

சேவியர் அமடோர்னு அமெரிக்காவுல ஒரு சைக்காலஜிஸ்ட், அவர் கூடப் பிறந்தவருக்கே ஸ்கிசோஃப்ரீனியா. அவர் சொல்ற வழி 'லீப்'. முதல்ல காது குடுத்துக் கேளு, அவங்க படற பாட்டைப் புரிஞ்சுக்கோ, ஒத்துப்போக முடியற இடத்துல ஒத்துப்போ, அதுக்கப்புறம் சேர்ந்து ஏதாவது செய். எனக்கு வழி விட்டது இதுதான். யாரோ கண்காணிக்கறாங்கன்னு அவன் சொன்னா ஆமான்னும் சொல்ல மாட்டேன், இல்லைன்னும் அடிச்சுப் பேச மாட்டேன். "எனக்கு அது தெரியலப்பா, ஆனா இவ்ளோ பயத்தோட தூங்காம கிடக்கறது எவ்ளோ கஷ்டம்னு புரியுது"ன்னு அவன் ரூம் வாசல்ல தரையில உக்காந்து சொல்லுவேன், அவ்ளோதான். ரொம்ப நாள் பதிலே வராது. ஒருநாள் உள்ள இருந்து "நல்லா தூங்கினா போதும்மா"ன்னான். அந்தத் தூக்கத்துக்காகத்தான் டாக்டர்கிட்ட வந்தான், நோய்ங்கற பேச்சையே நான் எடுக்கல.

போறதுக்கு முன்னாடியே டாக்டருக்கு ஒரு பக்கம் எழுதி அனுப்பிட்டேன், எப்ப ஆரம்பிச்சது, என்ன பேசறான், தூக்கம் எப்படின்னு. வயசு வந்த பிள்ளை விஷயத்தை டாக்டர் நம்மகிட்ட சொல்லாம இருக்கலாம், ஆனா நாம சொல்றதை அவர் கேட்டுக்கறதுக்கு எந்தத் தடையும் இல்ல, இது நிறைய பேருக்குத் தெரியறதில்ல. தைராய்டு, போதைப் பொருள் மாதிரி வேற காரணம் ஏதாவது இருக்கான்னும் டெஸ்ட் எடுத்துப் பாத்தாங்க.

சொந்தக்காரங்க எல்லாரும் மாத்திரையைத் தெரியாம கலந்து குடுன்னாங்க. கடைசி வரைக்கும் செய்யல. சீல் உடைச்ச தண்ணியையே நம்பாத பையன், ஒருதடவை தெரிஞ்சாலும் அவன் சந்தேகப்பட்டதெல்லாம் நிஜம்னு ஆயிடும், அதுக்கப்புறம் நான் எந்த முகத்தோட அந்த வாசல்ல போய் உக்கார்றது?

இப்போ பரவால்ல. ஆனா மாத்திரை வேணாம்னு மறுபடி ஆரம்பிச்சிருக்கான், அதான் கேக்கறேன்.

* * *

வணக்கம்மா. எனக்குப் பொண்ணு, 29 வயசு. நீங்க சொன்னதை முழுசா ஒத்துக்கறேன், ஆனா காத்திருக்கவே கூடாத கட்டம்னு ஒண்ணு இருக்கு, அதையும் இங்க யாராவது சொல்லணும். என் பொண்ணு சாப்பாடு தண்ணி எல்லாத்தையும் நிறுத்திட்டா, அப்புறம் அவளுக்கு மட்டும் கேக்கற ஒரு குரல் மாடியில இருந்து குதிக்கச் சொல்லுதுன்னு சாதாரணமா சொன்னா. அன்னைக்கே எமர்ஜென்சிக்கு போன் போட்டேன். சம்மதம் இல்லாம அட்மிட் பண்ற சட்டம் நாட்டுக்கு நாடு வேற, ஆனா அவங்களுக்கோ மத்தவங்களுக்கோ ஆபத்துன்னா பெரும்பாலும் வழி இருக்கும். உங்க ஊர்ல என்ன விதின்னு அமைதியா இருக்கற நாள்லயே விசாரிச்சு வச்சுக்கோங்க, அந்த நேரத்துல தேடிட்டு இருக்க முடியாது. போன்ல முதல் வரியே "இது மனநலப் பிரச்சினை, கையில ஆயுதம் எதுவும் இல்ல, சத்தம் போடாம வாங்க"ன்னு சொன்னேன். தேதி போட்டு குறிச்சு வச்சிருந்த நோட்டைக் குடுத்தேன், வார்டு டாக்டர் அதைத்தான் முதல்ல படிச்சார்.

வார்டுல என் முகத்தையே பாக்க மாட்டா. நான்தான் கூப்பிட்டேன், உன் உயிருக்காகக் கூப்பிட்டேன்னு நேரடியா சொன்னேன், யார் மேலயும் பழி போடல. பேச்சு திரும்ப ரொம்ப நாள் ஆச்சு.

இன்னொண்ணு, வீட்ல ஓயாம குறை சொல்றது, கத்தறது, இல்லைன்னா எந்நேரமும் பின்னாடியே சுத்தறது, இதெல்லாம் அதிகமா இருக்கற குடும்பத்துல நோய் திரும்ப வர்றது அதிகம்னு ஜார்ஜ் பிரவுன்னு லண்டன்ல ஒருத்தர் அப்பவே ஆராய்ச்சி பண்ணிச் சொல்லியிருக்கார். நோய் வந்ததுக்குக் காரணம் குடும்பம்னு இதுக்கு அர்த்தம் இல்ல, அப்படி யார் சொன்னாலும் நம்பாதீங்க. நானும் மனைவியும் ஃபேமிலி கவுன்சிலிங் போறோம், பொண்ணு வரலைன்னாலும் நாங்க போறோம்.

* * *

அம்மா, நான் உங்க பையன் இடத்துல இருந்தவன், அதனால மாத்திரை விஷயம் நான் சொல்றேன். நான் மாத்திரையைத் துப்பினதுக்கு நோயை ஒத்துக்காதது மட்டும் காரணம் இல்ல. உக்காந்தா நிக்கணும், நின்னா நடக்கணும், படுத்தா கால் சும்மா இருக்காது, உடம்புக்குள்ள ஏதோ ஓடிட்டே இருக்கும். நோய் முத்திடுச்சுன்னு வீட்ல பயந்து டோஸ் ஏத்தச் சொன்னாங்க, அது இன்னும் மோசமாச்சு. அகத்தீசியாங்கற சைடு எஃபெக்ட் அது. என் அக்காதான் ஏன்டா போடலைன்னு கேக்காம, "போட்டா உனக்கு என்னடா பண்ணுது?"ன்னு கேட்டா. கேட்டதை அப்படியே எழுதி டாக்டர்கிட்ட குடுத்தா. மருந்தை மாத்தினாங்க, கால் நின்னுது. வெயிட் போடறது, பகல் பூரா தூக்கம், செக்ஸ் பிரச்சினை இதெல்லாம் கூட இருக்கலாம், ஒரு பையன் அம்மாகிட்ட சொல்ல மாட்டான், அதனால டாக்டர் அவனைத் தனியா பாக்கட்டும்.

திடீர்னு மட்டும் நிறுத்த விடாதீங்க, நோய் திரும்ப அதுதான் பெரிய காரணம். நல்லாயிட்ட பிறகும் ஒண்ணு ரெண்டு வருஷமாவது தொடரணும்னுதான் பொதுவா சொல்வாங்க, குறைக்கணும்னா டாக்டர் பாத்து மெதுவா குறைக்கணும். எனக்கு இப்ப மாசம் ஒரு ஊசி. தினம் ராத்திரி "போட்டியா போட்டியா"ங்கற சண்டை வீட்ல நின்னுபோச்சு, எனக்கு அதுவே பெரிய நிம்மதி. ரெண்டு மருந்து குடுத்தும் கேக்கலைன்னா க்ளோஸபின்னு ஒரு மருந்து இருக்கு, ரத்த வெள்ளையணு குறையுதான்னு விடாம டெஸ்ட் எடுக்கணும், ஆனா வேற எதுவும் கேக்காத நிறைய பேருக்கு அது கேக்குது. ஊசியோ மாத்திரையோ எதுன்னு உங்க பையனே சொல்லட்டும்மா, அவன் எதிர்லயே டாக்டர்கிட்ட கேளுங்க.