ஏரோ 5ஆம் சீசன்: மேயர் ஆலிவர் கொண்டுவந்த துப்பாக்கிச் சட்டத்துல என்னதான் இருந்துச்சு?

கோவில்பட்டி_வில்லாளன்:

ஏரோ சீரியலை மறுபடி முதல்ல இருந்து ஓட்டிக்கிட்டு இருக்கேன். தெரியாதவங்களுக்கு: அது அமெரிக்க சூப்பர்ஹீரோ டிவி தொடர், அதுல ஆலிவர் குவீன் வெளியில நகர மேயர், ரகசியமா பச்சை உடுப்புல வில்லு எடுக்கிற 'கிரீன் ஏரோ'. நேத்து ராத்திரி 5ஆம் சீசன் 13ஆவது எபிசோட், 'ஸ்பெக்டர் ஆஃப் தி கன்'. 2017 பிப்ரவரியில வந்தது. பாக்காதவங்க இதோட நிறுத்திக்கங்க, கதையைச் சொல்லப் போறேன்.

ஸ்டார் சிட்டிங்கிற ஆலிவரோட கற்பனை ஊர்ல, நகர மன்றத்துக்குள்ள ஒருத்தன் புகுந்து கண்டபடி சுடுறான். வழக்கமான வில்லன் எவனோன்னுதான் நானும் நினைச்சேன். பாத்தா ஜேம்ஸ் எட்லண்ட்னு ஒரு சாதாரண ஆளு. மால் ஒண்ணுல நடந்த துப்பாக்கிச்சூட்டுல குடும்பத்தையே பறிகொடுத்தவன். துப்பாக்கிகளைப் பதிவு செய்யணும்னு வந்த சட்டத்தை நகர மன்றம் தோக்கடிச்சிருச்சேங்கிற ஆத்திரம். கடைசியில ஆலிவர் பச்சை உடுப்பு போடாம, வில்லு எடுக்காம, மேயரா அவன் முன்னாடி நின்னு பேசியே துப்பாக்கியை இறக்க வைக்கிறான். அதுக்கப்புறம் எதிர்ப்பா இருந்த கவுன்சிலரம்மாவோட உக்காந்து புதுசா ஒரு சட்டம் எழுதிடுறாங்க. எல்லாரும் சந்தோஷம்.

என் கேள்வி இதுதான். அந்தச் சட்டம் என்ன சொல்லுது? ரீவைண்ட் பண்ணிப் பண்ணிப் பாத்தேன், பேரு மட்டும்தான் வருது. ஒரு ஷரத்தைக் கூடக் காட்டலை. என் பிரிண்ட்ல எதுவும் வெட்டிட்டாங்களா, இல்ல எல்லாருக்குமே இப்படித்தானா? இன்னொண்ணு, ஆலிவர் ஏன் கிரீன் ஏரோவா போகலை?

மக்ரூன்_பாய்:

வெட்டலாம் இல்ல தம்பி. ஒரு ஷரத்தைச் சொன்னாலும் பாதி அமெரிக்கா சேனலை மாத்திரும். கார் விளம்பரம் குடுக்குறவன் ரெண்டு கட்சிக்காரனுக்கும்தானே கார் விக்கணும்? அவ்வளவுதான் விஷயம்.

ஓஹையோ_மங்கை:

தம்பி, நான் கொலம்பஸ்ல இருக்கேன், ஓஹையோ மாநிலம். இந்த எபிசோடை அது ஒளிபரப்பான ராத்திரியே பாத்தவ. உங்க பிரிண்ட்ல குறை இல்ல, எங்களுக்கும் அதே வெத்துக் காகிதம்தான் காட்டினாங்க.

பாய் சொல்ற விளம்பரக் கணக்கு இருக்கும், மறுக்கலை. ஆனா எனக்கு வேற ஒரு சந்தேகம். அந்தச் சட்டத்தை அவங்க எழுதிக் காட்டியிருந்தா, "ஒரு மேயர் இதைப் பண்ணவே முடியாதே"ன்னு இங்க இருக்கிறவங்க அடுத்த நிமிஷமே கேட்டிருப்பாங்க. பெரும்பாலான மாநிலங்கள்ல துப்பாக்கி விஷயத்துல நகரங்கள் தனியா விதி போடக்கூடாதுன்னு மாநிலச் சட்டமே இருக்கு. எங்க மாநிலத்துலயே நடந்த கதையைச் சொல்றேன். கிளீவ்லேண்ட் நகரம் கைத்துப்பாக்கியைப் பதிவு செய்யணும்னு சொந்தமா விதி வெச்சிருந்துச்சு. எட்லண்ட் கேட்டது கிட்டத்தட்ட அதேதான். 2006ல மாநில சட்டமன்றம், இனிமே மாநிலம் முழுக்க ஒரே விதி, நகரத்து விதி எதுவும் செல்லாதுன்னு சட்டம் போட்டுச்சு. கவர்னர் வீட்டோ பண்ணினாரு, அதையும் மீறி நிறைவேத்தினாங்க. நகரம் கோர்ட்டுக்குப் போச்சு. 2010ல மாநில உச்ச நீதிமன்றத்துல நகரம் தோத்துச்சு. நிஜ ஊர்ல நிஜ மேயருக்கு நடந்தது இது. வில்லன் யாரும் தேவைப்படலை.

மேல போனாலும் இதே கதைதான். மத்திய அரசு நாடு தழுவின துப்பாக்கிப் பதிவேடு வெச்சுக்கவே கூடாதுன்னு 1986லயே சட்டம் இருக்கு. 2012 டிசம்பர்ல கனெக்டிகட்ல சாண்டி ஹூக் பள்ளிக்கூடத்துல 20 பிள்ளைங்களும் 6 பெரியவங்களும் செத்தாங்க. அதுக்கப்புறம் 2013 ஏப்ரல்ல, வாங்குறவங்களோட பின்னணியைச் சோதிக்கிறதைக் கொஞ்சம் விரிவாக்கலாம்னு செனட்ல ஒரு திருத்தம் வந்துச்சு. ஆதரவு 54, எதிர்ப்பு 46. ஆனா நிறைவேற 60 ஓட்டு வேணும்னு தோத்துப் போச்சு. அத்தனை பிள்ளைங்க செத்தும் நகராத விஷயத்தை ஆலிவரும் கவுன்சிலரம்மாவும் ஒரே ராத்திரியில முடிச்சிடுறாங்க. சட்டத்துல என்ன இருந்துச்சுன்னு காட்டாததை விட, அது அவ்வளவு சுலபமா நிறைவேறினதுதான் எனக்குப் பெரிய பொய்யாப் பட்டுச்சு. இதை எழுதின மார்க் குகன்ஹைம் எழுத்துக்கு வர்றதுக்கு முன்னாடி வக்கீல் வேற! தெரியாம எழுதலை.

பேரைக் கவனிச்சீங்களா? 'ஃபயர்ஆர்ம்ஸ் ஃப்ரீடம் ஆக்ட்'. 2009ல மொன்டானா மாநிலம் இதே பேர்ல ஒரு சட்டம் போட்டுச்சு. எங்க மாநிலத்துலயே செஞ்சு எங்க மாநிலத்துலயே இருக்கிற துப்பாக்கியை மத்திய அரசு தொடக்கூடாதுங்கிறது அதோட சாரம். துப்பாக்கிக்காரங்களுக்காகப் போட்ட சட்டம் அது. பிறகு மத்திய மேல்முறையீட்டு கோர்ட்ல தோத்தது வேற விஷயம். அந்தப் பேரை எடுத்து ஆலிவர் சட்டத்துக்கு வெச்சிருக்காங்க. ரெண்டு தரப்பும் தலையாட்டணும்னு வெச்ச பேரா, இல்ல சும்மா காதுல விழுந்ததை எடுத்துக்கிட்டாங்களான்னு எனக்கு விளங்கலை.

இவ்வளவு திட்டினாலும் எனக்குப் பிடிச்ச எபிசோட் இது. ஆலிவர் குழுவுல இருக்கிற ரெனேவுக்காக. அவன் மனைவி செத்த கதையும், மக ஜோயியை அரசாங்கம் எடுத்துக்கிட்டுப் போன கதையும் இதுலதான் வருது. துப்பாக்கி வேணும்னு சொல்றவனை முட்டாளாவோ கொலைகாரனாவோ காட்டாம, அடிபட்ட ஒரு அப்பனா காட்டினாங்க. எங்க பக்கத்து வீட்டுப் பெரியவர் நவம்பர் ஆனா மான் வேட்டைக்குப் போவார், கறியில எங்களுக்கும் ஒரு பொட்டலம் வரும். நானும் அவரும் இந்த விஷயத்தைப் பேசினதே இல்ல. என் பையன் கிண்டர்கார்டன்ல இருந்தே லாக்டவுன் டிரில் பண்றான், துப்பாக்கிக்காரன் எவனாவது பள்ளிக்கூடத்துக்குள்ள வந்தா ஒளியுற பயிற்சி. லைட்டை அணைச்சிட்டு, கதவைப் பூட்டிட்டு, மூலையில சத்தம் போடாம உக்காரணும். பெரியவரோட பேத்தியும் அதே பள்ளிக்கூடம்தான். அதே குழுவுல இருக்கிற கர்ட்டிஸும் ரெனேவும் துப்பாக்கியைப் பத்தி நேருக்கு நேர் நின்னு வாதாடுறதைப் பாத்தப்போ அவர் ஞாபகம்தான் வந்துச்சு.

சித்திரக்கதை_சிவா:

அக்கா சொல்வது சரி. ஆனால் காமிக்ஸ் படித்து வளர்ந்தவனாக எனக்கு வேறொரு வருத்தம். கிரீன் ஏரோ என்ற பாத்திரமே அரசியல் பேசித்தான் பெயர் வாங்கியது. 1970இல் டென்னிஸ் ஓ'நீலும் நீல் ஆடம்ஸும் அவனை, கிரகங்களையெல்லாம் காக்கும் இன்னொரு சூப்பர்ஹீரோவான கிரீன் லாண்டர்னோடு சேர்த்து அமெரிக்கா முழுக்க ஊர் சுற்ற வைத்தார்கள். முதல் இதழிலேயே ஒரு கறுப்பினப் பெரியவர் கிரீன் லாண்டர்னைப் பார்த்து, வேறு கிரகத்து நிறத்தவர்களுக்கெல்லாம் உதவினாயே, எங்களுக்கு என்ன செய்தாய் என்று கேட்பார். அவனிடம் பதில் இருக்காது. அடுத்த வருடம் ஆலிவரின் வளர்ப்புப் பையன் ராய் ஹெராயினுக்கு அடிமையானதைக் காட்டினார்கள். பிரசங்க வாடை அடிக்கும், சில பக்கங்களில் ஆலிவர் தொண்டை கிழியக் கத்துவான். இருந்தாலும் அவன் எந்தப் பக்கம் என்பதில் சந்தேகமே இராது. 47 வருடம் கழித்து வந்த டிவி ஆலிவர் இரண்டு பக்கத்துக்கும் நல்லவனாக இருக்கப் பார்க்கிறான்.

பக்கம் எடுத்தும் நல்ல நாடகம் செய்யலாம் என்பதற்கு 'பிளாக் லைட்னிங்' என்ற இன்னொரு சூப்பர்ஹீரோ தொடரின் முதல் எபிசோட் பாருங்கள், 2018 ஜனவரி. பள்ளி முதல்வர் ஜெஃபர்சன் பியர்ஸ் மகள்களோடு காரில் போகிறார். மழை. போலீஸ் நிறுத்துகிறது. கடை ஒன்றில் கொள்ளையடித்தவன் என்று சந்தேகம். கையில் மின்னலை வரவழைக்கும் சக்தி உள்ள சூப்பர்ஹீரோ அவர், பிள்ளைகள் பார்க்க, பொறுத்துக்கொண்டு நிற்கிறார். சட்டம், மசோதா எதுவும் இல்லை. அந்த ஒரு காட்சி போதும்.

கோவில்பட்டி_வில்லாளன்:

அக்கா, கிளீவ்லேண்ட் கதை செம. அப்போ ஆலிவர் சட்டத்தைக் கொண்டுவந்து, மேல இருந்து மாநில அரசு அதைக் கிழிச்சுப் போட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்ங்கிறீங்களா? ரெண்டாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லலையே!

ஓஹையோ_மங்கை:

ஆமா தம்பி, அப்படி எழுதியிருந்தா ஆலிவர் தோக்கறதைப் பாத்திருக்கலாம். அம்பு விட முடியாத எதிரி அவனுக்கு அந்த ஒரு தடவைதான் கிடைச்சான்.

உடுப்பு விஷயம்: இது கிரீன் ஏரோ தீர்க்கிற பிரச்சினை இல்ல, மேயர் தீர்க்க வேண்டியதுன்னு அவனே சொல்வான், சொல்றதும் நியாயம்தான். எனக்குத் தோணினது வேற. முதல் சீசன்ல கையில பேர்ப்பட்டியல் வெச்சுக்கிட்டு ஒவ்வொருத்தரா வேட்டையாடினவன் ஆலிவர். ஆயுதத்தை எடுத்துக்கிட்டுத் தானே நியாயம் வாங்கப் போன எட்லண்டுக்கும் அவனுக்கும் என்ன வித்தியாசம்? குறி தவறாது, அவ்வளவுதானே. பச்சை உடுப்புல போய் நின்னிருந்தா அவனால ஒரு வார்த்தை பேசியிருக்க முடியாது. அந்தக் காட்சியில இதை ஆலிவர் வாயால ஒரு வரி சொல்ல வெச்சிருந்தா, சட்டத்தைக் காட்டாததைக் கூட நான் மன்னிச்சிருப்பேன்.

மக்ரூன்_பாய்:

அக்கா, அந்த மான் கறி எப்படி இருக்கும்? மிளகு போட்டு வறுக்கலாமா?

ஓஹையோ_மங்கை:

கொழுப்பே கிடையாது பாய், சீக்கிரம் விறைச்சிரும். ராத்திரி முழுக்க தயிர்ல ஊற வெச்சு, குக்கர்ல விட்டு எடுத்துட்டு அப்புறம் மிளகு போட்டு வறுங்க.