நட்டுவாங்க கேசட்டில் பூஞ்சை: சரிசெய்பவர் தெரியுமா?

வணக்கம். 1987-ல் கும்பகோணத்தில் என் அத்தை தன் நட்டுவனார் (பரதநாட்டியம் கற்பித்து, தாளம் தட்டி ஆடவைக்கும் குரு) வீட்டுத் திண்ணையில் பதிவு செய்த 90 நிமிட கேசட் இது. பைரவி ராகத்தில் ஒரு வர்ணம் முழுக்க அந்த நட்டுவனாரே தட்டுக்கழி (தாளக் கோல்) தட்டி ஜதி (ஆட்டத்துக்கான தாளச் சொற்கள்) சொல்லியிருக்கிறார். அவர் இப்போது இல்லை. தஞ்சை நால்வர் என்ற நட்டுவனார் சகோதரர்கள் வகுத்த, அலாரிப்பு முதல் தில்லானா வரையிலான பரதக் கச்சேரி வரிசையில் வர்ணம்தானே உச்சம்! சொற்கட்டு அத்தையின் நோட்டில் இருக்கிறது. ஆனால் "ததிங்கிணதோம்" முடியும்போது அவர் குரலை எங்கே அழுத்தினார், எங்கே மூச்சு விட்டார் என்பது இந்த நாடாவில் மட்டும்தான்.

ஏ பக்கம் 12-ஆம் நிமிடத்தில், இரண்டாவது தீர்மானத்தின் (ஜதிக் கோவை) நடுவில், கீச்சென்று நின்றுவிடுகிறது. பி பக்கம் ஓடுகிறது, ஆனால் சுருதி ஏறி இறங்குகிறது. நாடா ஓரமெல்லாம் வெள்ளைப் பூஞ்சை. போன மழையில் பீரோவுக்குள் ஈரம் ஏறியதிலிருந்து இப்படித்தான்.

வேறு கூட்டுக்கு நாடாவை மாற்றினேன். பென்சிலால் முன்னும் பின்னும் சுற்றினேன், பிளேயர் ஹெட்டை ஸ்பிரிட்டால் துடைத்தேன். திருச்சியில் ஒரு கடையில் ஓட்டிப் பார்த்தபோது இரண்டு அங்குலம் கசங்கிவிட்டது. அதன்பிறகு எதிலும் போடவில்லை.

நாடாவைச் சேதமில்லாமல் சுத்தம் செய்து கணினியில் ஏற்றித் தருபவர் திருச்சி, தஞ்சாவூர், சென்னைப் பக்கம் யாராவது உங்களுக்குத் தெரியுமா?