புதுப்பிப்பு: பிள்ளைகளோடு மூன்று மாத ரயில் பயணம், வீடு வந்துவிட்டோம்

பிள்ளைகள் இருவரையும் (9, 6 வயது) கூட்டிக்கொண்டு மூன்று மாதம் ரயிலிலேயே ஊர் சுற்றலாமா என்று அக்டோபரில் கேட்டிருந்தேன். போய்விட்டு, போன வாரம் பெரம்பூர் வந்து சேர்ந்தோம்.

அரை டிக்கெட் போதும் என்று சிலர் சொன்னீர்கள். அதற்குப் படுக்கை கிடையாது. சென்னையிலிருந்து டெல்லி ஏறக்குறைய 2,180 கிலோமீட்டர், இரண்டு ராத்திரி. அதனால் முழு டிக்கெட்டே எடுத்தோம்.

சாப்பாடு, காய்ச்சல் எல்லாம் சமாளித்தோம். நாள் முழுக்க நான்கு பேரும் ஒரே அறையில் இருப்பதுதான் கஷ்டம். நாற்பதாவது நாள் சின்னவள், பாட்டியின் பழைய புடவைத் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். எனக்கு நெஞ்சே அடைத்துவிட்டது. சரி என்று எல்லோரா பக்கத்திலேயே பத்து நாள் தங்கிவிட்டோம். தினமும் ஊர் மாறாமல் முதலிலேயே இப்படித் தங்கியிருக்க வேண்டும்.

அங்கே கைலாசநாதர் கோயில் ஒரே பாறையை மேலிருந்து கீழாக வெட்டியது, 8ஆம் நூற்றாண்டு. பெரியவன் அண்ணாந்து பார்த்துவிட்டு, "அப்போ கோபுரத்தைத்தான் முதல்ல செஞ்சாங்களாம்மா?" என்றான். அவன் கேட்ட அந்த நிமிஷத்துக்காகவே இன்னொரு மூன்று மாதம் அலைவேன்.

கணக்கில் கொஞ்சம் பின்தங்கியிருக்கிறான், தினமும் சாயங்காலம் உட்காருகிறோம். மாமல்லபுரம் ரதங்களும் அப்படித்தான் வெட்டினார்களா என்று நச்சரிக்கிறான். ஞாயிற்றுக்கிழமை பாட்டியோடு போகிறோம்.