குளிர்கால பூட்ஸ் போட்டாலே "குத்துது" என்று அலறும் மகள்: எப்படிப்பட்டதை வாங்குவது?

நிலாஅம்மா:
மகளுக்கு ஆறு வயது, ஆட்டிசம் உண்டு. சட்டையின் லேபிளை வெட்டிவிட்டால் உடைகளில் பெரிய தொல்லை இல்லை. காலில்தான் பிரச்சினை. வெயில் காலம் முழுக்கச் செருப்பு, வீட்டில் வெறுங்கால். பனி விழ ஆரம்பித்தால் செருப்போடு அனுப்ப முடியாதே! பூட்ஸை மாட்டிய உடனே "குத்துது, குத்துது" என்கிறாள். எங்கே என்று கேட்டால் கால் முழுவதையும் காட்டுகிறாள். உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்த்தேன், பஞ்சு மாதிரிதான் இருக்கிறது.

"எல்லாம் அடம், கொஞ்ச நாள் அழுதால் பழகிவிடும்" என்பது மாமியாரின் கட்சி. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கழற்றிய பிறகும் வெகு நேரம் பாதத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டே இருக்கிறாள். கடைக்கு அழைத்துப் போனால் அங்குள்ள வெளிச்சத்திலும் சத்தத்திலுமே துவண்டுவிடுகிறாள், அதனால் அவளை விட்டுவிட்டுப் போய்த்தான் வாங்குகிறேன். எதைப் பார்த்து வாங்க வேண்டும்? சாக்ஸ் கம்பளியா, பருத்தியா?

வாலில்லாப்பட்டம்:
வணக்கம் அக்கா. என் பையனும் இதே ரகம். புது பூட்ஸ் தேடும் முன் ஒன்று செய்யுங்கள். சாக்ஸ் இல்லாமல், வெறுங்காலில், அதே பூட்ஸை வீட்டுக்குள் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அழாமல் நடந்தால் குற்றவாளி சாக்ஸ். எங்கள் வீட்டில் அதுதான். விரல் நுனியில் குறுக்கே ஓடும் தையல் இருக்கிறதே, செருப்பில் அது தெரியாது. மூடிய பூட்ஸுக்குள் போனதும் விரல்மேல் அழுந்த ஆரம்பிக்கும்.

செலவில்லாத வழி, சாக்ஸை உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பிப் போடுவது. பார்க்க அசிங்கம்தான், பூட்ஸுக்குள் யார் பார்க்கப் போகிறார்கள்? அது உதவினால் தையலில்லாத சாக்ஸ் தேடுங்கள். "தையலில்லாதது" என்று விற்பதிலும் மெல்லிய மேடு இருப்பதுண்டு, விரலால் தடவிப் பார்த்து வாங்குங்கள். குதிகால் வளைவே இல்லாமல் நேர்க்குழாயாக வரும் சாக்ஸும் உண்டு. அது காலில் திரும்பிக்கொண்டாலும் குழந்தைக்குத் தெரியாது. அளவு மட்டும் பெரிதாக வேண்டாம், மடிப்பு விழுந்தால் மறுபடி அழுகைதான்.

பருத்தி வியர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஈரமானால் கால் சில்லிட்டுப்போகும், ஈரத்தின் தொடுகையே இந்தக் குழந்தைகளுக்கு ஆகாது. கம்பளி குத்துவதற்குக் காரணம் இழையின் தடிமன். சுமார் 30 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் தடித்த இழைகள்தான் தோலைக் குத்தும். மெரினோ என்ற ஆட்டினத்தின் மெல்லிய கம்பளி பொதுவாக 24 மைக்ரானுக்குக் கீழே. அதிலும் மெல்லியதாகப் பாருங்கள்.

கல்தூண்:
நான் வளர்ந்த ஆள், ஆட்டிசம் உள்ளவன். "உள்ளே பஞ்சு மாதிரி இருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்தப் பஞ்சுதான் எதிரி. ஒவ்வொரு அடிக்கும் அந்த மயிர்கள் தொட்டுத் தொட்டு விலகும். அழுத்தமாகப் பிடித்தால் தாங்கிக்கொள்வேன், லேசாக உரசினால் உடம்பே கூசும். உங்கள் கைக்கு மென்மையாகத் தெரிவதை வைத்து முடிவு செய்யாதீர்கள். வழவழப்பான உள்துணியோ, காலைச் சீராகப் பிடிக்கும் நியோப்ரீனோ (ரப்பர் மாதிரி நெகிழும் செயற்கைப் பொருள்) எனக்கு ஒத்துவரும். உங்கள் மகளுக்கு நேர்மாறாகவும் இருக்கலாம், பிடித்தாலே மூச்சு முட்டுகிறது என்பவர்களும் உண்டு. அவள் வீட்டில் இறுக்கமான உடையைத் தேடுகிறாளா, தொளதொளவென்றா என்று கவனியுங்கள்.

இன்னும் இரண்டு இடங்கள். பூட்ஸின் மேல்விளிம்பு கெண்டைக்காலில் உரசும் இடம் ஒன்று. வளையாத அடிப்பாகம் மற்றொன்று. வெறுங்காலில் நடந்து பழகியவருக்குத் தடித்த அடிப்பாகத்தில் தரையே தெரியாது, கால் எங்கே ஊன்றுகிறது என்று புரியாமல் பயமாக இருக்கும். கையால் பாதியாக மடக்க வருகிற, எடை குறைந்த பூட்ஸாகப் பாருங்கள். வெல்க்ரோ பிய்க்கும் சத்தம்கூடச் சிலருக்கு ஆகாது.

மதியவெயில்:
நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அதாவது அன்றாட வேலைகளைச் செய்யப் பயிற்சி தரும் சிகிச்சையாளர். மாமியாரிடம் சொல்ல ஒரு தகவல்: அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட ஆட்டிச வரையறையிலேயே, புலன் தூண்டல்களுக்கு மிகையாகவோ குறைவாகவோ எதிர்வினை காட்டுவது ஓர் அறிகுறியாகச் சேர்க்கப்பட்டுள்ளது. அடம் என்று ஒதுக்க வேண்டியதில்லை.

அந்த "குறைவாக" என்பதையும் மறக்காதீர்கள். தையலுக்கு அலறும் குழந்தை, விரல் விறைத்துப்போனதைச் சொல்லாமலே இருக்கக்கூடும். வெளியே விளையாடும்போது அடிக்கடி உள்ளே அழைத்து விரல்களைத் தொட்டுப் பாருங்கள். வெளிறியோ மரத்தோ இருந்தால் வெதுவெதுப்பான நீரில் வையுங்கள், தேய்க்கக் கூடாது. உணர்ச்சி திரும்பாவிட்டால் மருத்துவரிடம் போங்கள்.

கடைக்குப் போகாமல் அளவெடுக்க, சாயங்காலம், சாக்ஸோடு அவளை அட்டைமேல் நிற்கவைத்துப் பாதத்தைச் சுற்றிக் கோடு போடுங்கள். விரலுக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டர் சேர்த்து வெட்டிக்கொண்டு கடைக்குப் போய் பூட்ஸுக்குள் விட்டுப் பாருங்கள். அட்டை மடங்கினால் அது வேண்டாம். இறுக்கமான பூட்ஸுக்குள் இரண்டு சாக்ஸ் திணித்தால் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் குளிரும். போடும் முன் உள்ளங்காலை உங்கள் கையால் அழுத்திப் பிடித்துவிடுவது சில குழந்தைகளுக்கு உதவுகிறது. எல்லோருக்கும் அல்ல, பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

நிலாஅம்மா:
எல்லோருக்கும் நன்றி. வெறுங்காலில் போடவைத்தேன், அப்போதும் "குத்துது"தான். அப்புறம் மேல்பகுதியை வெளிப்புறமாக மடித்துவிட்டேன், கொஞ்சம் நடந்தாள்! கல்தூண் சொன்ன கெண்டைக்கால் சங்கதிதான் போலிருக்கிறது. கணுக்கால் உயரத்துக்கு வாங்கினால் பனி உள்ளே போகாதா?

வாலில்லாப்பட்டம்:
பனிக்கால்சட்டையின் கீழே எலாஸ்டிக் உறை இருக்கும், அதை பூட்ஸுக்கு மேலே இழுத்துவிட்டால் பெரும்பாலும் தடுத்துவிடும். முழங்கால் ஆழப் பனியில் இறங்கினால் முடியாதுதான். உள்ளுறையைத் தனியே கழற்றும்படி வாங்குங்கள், ராத்திரி எடுத்துக் காயவைத்தால் காலையில் ஈரம் இருக்காது. ஹீட்டர்மேல் மட்டும் வைக்காதீர்கள், விறைத்துப்போகும். அவளுக்குப் பிடித்த ஜோடி கிடைத்துவிட்டால் அதிலேயே அடுத்த அளவையும் வாங்கி வைத்துவிடுங்கள் அக்கா, அடுத்த வருடம் அந்த மாடல் கடையில் இருக்கும் என்று நம்ப முடியாது.