அக்கா மகன் முட்டி வலியும் சைக்கிள் சீட்டும்

ஓட்டமும் சைக்கிளும் சேத்து பிராக்டிஸ் பண்ற பசங்க வீட்ல இருந்தா இத அவசியம் படிங்க. எங்க ஊரு தங்கச்சிமடம். அக்கா மகனுக்கு அப்ப 13 வயசு, டூயத்லான்னா, அதான் ஓட்டம், சைக்கிள், மறுபடி ஓட்டம்னு ஒரே மூச்சுல வர்ற போட்டி, அவனுக்கு உசுரு. விடியக்காலையில பாம்பன் ரோட்டுப் பாலம் தாண்டி மண்டபம் வரைக்கும் சைக்கிள்ல போய்ட்டு வந்து, வண்டிய சாத்துன கையோட ஓட ஆரம்பிச்சிருவான்.

எறங்கி ஓடுறப்பல்லாம் "மாமா, இது என் காலு மாதிரியே இல்ல, கல்லக் கட்டி விட்டாப்ல இருக்கு"ம்பான். கோச் சோம்பேறித்தனம்னு சத்தம் போட்டாரு. எனக்கு இன்னும் ஆத்தாமையா இருக்கு, ஏன்னா அது சோம்பேறித்தனமே இல்லங்க, சைக்கிள்ல உடம்பு வெயிட்ட சீட்டு தாங்கிக்கிது, ஓடும்போது ஒவ்வொரு காலும் தரையில விழுறப்ப உடம்பு எடையப் போல ரெண்டு மூணு மடங்கு பாரத்த வாங்கி தொடைச்சதை இழுபட்டுக்கிட்டே பிரேக் போடணும், அந்த மாத்தத்துக்குப் பெரியவங்களுக்கே சில நிமிசம் ஆகும். பழகப் பழக அது குறைஞ்சிரும்.

முட்டி வலி அப்படி இல்ல. ஒரு ஞாயித்துக்கிழமை சர்ச் பூசையில முழந்தாள் போட்டவன் மூஞ்சியச் சுளிச்சுக்கிட்டு எந்திரிச்சு நின்னுட்டான். வீட்ல வந்து பாத்தா முட்டிச் சிப்பிக்குக் கீழ புளியங்கொட்டை சைசுக்கு ஒரு புடைப்பு, விரல் பட்டதும் துள்ளுறான்.

டாக்டர் பாத்துட்டு ஆஸ்குட் ஷ்லாட்டர்னு சொன்னாரு. மளமளன்னு வளர்ற வயசுல அந்த எடத்துல எலும்பு இன்னும் குருத்தா இருக்கும், தொடைச்சதையோட நார் அங்கதான் புடிச்சு இழுக்கும், ஓட்டம் சைக்கிள் ரெண்டும் அதே எடத்தையே இழுத்தா குருத்து தாங்காது. அப்புறம் ஒண்ணு கேட்டாரு பாருங்க, "சைக்கிள் சீட்டக் கடைசியா எப்ப ஏத்துனீங்க?" ஒருத்தரும் ஏத்தல. ஸ்கூல் திறக்குறப்ப எடுத்த பேண்ட் ஆகஸ்ட்லயே கணுக்காலுக்கு மேல போயிருச்சு, சீட்டு மட்டும் அதே எடத்துல. சீட்டு தாழ இருந்தா முட்டி ரொம்ப மடங்கும், அதுல பாலத்து மேல கச்சான் காத்து எதுத்து அடிக்கிறப்ப இவன் பெரிய கியர்ல போட்டு முக்கி முக்கி மிதிச்சிருக்கான், ரெண்டு கிலோமீட்டருக்கு மேல ஒதுங்க எடமில்லாத பாலம் அது.

ஆபரேசன் எல்லாம் கெடையாது. ஓட்டத்த சில வாரம் நிறுத்தி, வலிச்ச அன்னிக்கு ஐஸ் வச்சு, தொடைக்கு ஸ்ட்ரெச்சிங். சீட்ட ஏத்துனோம். குதிகால பெடல்ல வச்சு அடி வரைக்கும் எறக்குனா கால் நேரா நிக்கணும், அதான் கணக்கு. வலி இல்லாத அளவுக்கு லேசு கியர்ல சைக்கிள், அப்புறம் மெதுவா ஓட்டம், முதல்ல பத்து நிமிசந்தான்.

புடைப்பு இன்னும் இருக்கு, அமுக்குனா வலிக்கல. மாசாமாசம் அக்கா வீட்டுக் கதவு நிலையில அவன் உசரத்துக்கு பென்சில் கோடு போடுறோம், கோடு மேல ஏறுனா அன்னிக்கே அவனே ஸ்பேனர எடுத்துக்கிட்டு சீட்டுகிட்ட உக்காந்துருவான்.