ஆமையா, சிங்கக்குட்டியா: கோடைக் களப்பணிக்கு எது?

விலங்கியல் மாணவி:
இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கோடை விடுமுறையில் வெளிநாட்டுக் களப்பணிக்குப் போக ஆசை. இரண்டு இடம் பார்த்து வைத்திருக்கிறேன். கோஸ்டா ரிகாவின் டோர்ட்டுகேரோ கடற்கரையில் கடலாமைக் கணக்கெடுப்பு. தென்னாப்பிரிக்காவில் சிங்கக்குட்டிகளுக்குப் பால் புகட்டும் வேலை. இரண்டுக்கும் நாம்தான் பணம் கட்ட வேண்டும். மனசு சிங்கத்தின் பக்கம் சாய்கிறது. போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆந்தை:
சிங்கம் வேண்டாம். தாயில்லாக் குட்டி என்பார்கள். பண்ணையில் பிறக்கவைத்து தாயிடமிருந்து பிரித்ததாக இருக்கும். மனிதர் மடியில் வளர்ந்தது காட்டுக்குத் திரும்பாது. அப்படி வளர்ந்தவற்றை வேலிக்குள் வேட்டையாட விற்றிருக்கிறார்கள்.

ஈரக்காலணி:
டோர்ட்டுகேரோவில் ஒரு ஜூலையில் ஆறு வாரம் இருந்தேன். பச்சை ஆமைகள் ஜூலையிலிருந்து அக்டோபர் வரை முட்டையிட வரும். ஊருக்குச் சாலை கிடையாது, படகில்தான் போனேன். இரவெல்லாம் கருமணலில் நடை. கறுப்பு உடை, சிவப்பு விளக்கு. ஆமை கரையேறும்போது வெள்ளை வெளிச்சம் பட்டால் முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடும். அது குழி தோண்டி முடிக்கும் வரை கிட்டே போகக் கூடாது. முட்டை விழ ஆரம்பித்த பிறகுதான் பின்னால் மணலில் படுத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். நூறு, நூற்றுப்பத்து விழும். முதல் தடவை எழுபத்துச் சொச்சத்தில் எனக்குக் கணக்கு விட்டுப்போனது. கூட இருந்தவர் திட்டவில்லை. "விட்டுப்போனது என்றே எழுது, உத்தேசமாக ஒரு எண்ணைப் போட்டுவிடாதே" என்றார். முட்டையிட்டு முடிந்ததும் முன்துடுப்பில் எண் பொறித்த உலோக வில்லை மாட்டி, ஓட்டின் நீளத்தை அளப்போம். 1950களில் ஆர்ச்சி கார் என்ற அமெரிக்க விலங்கியலாளர் அங்கே தொடங்கிவைத்த வேலை இது.

சில இரவுகளில் மழையைத் தவிர எதுவும் வராது. பேனா எழுதாது, பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள்.

விலங்கியல் மாணவி:
சரி அக்கா, ஆமைதான். ஆமையோடு படம் எடுக்க விடுவார்களா? அந்தத் தரவை என் ஆய்வறிக்கையில் சேர்க்கலாமா?

ஈரக்காலணி:
இரவில் கேமராவே கூடாது. தரவு விஷயத்தை, பணம் கட்டும் முன்பே கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள். நான் கேட்காமலே கிளம்பிவிட்டேன். அப்புறம் ஆறு வார ஆமைகளையும் விட்டுவிட்டு, நூலகத்தில் உட்கார்ந்து தவளைகளைப் பற்றி எழுதினேன்.